பால், தயிர், நெய் படாத மாட்டுக்கறி கைமா: வேலை நாள் இரவுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாகப்பட்டினத்தில் வேலை முடிந்து, பஸ் பிடித்து, நாகூரில் வந்து இறங்கும்போது மணி ஆறே முக்கால். எட்டு மணிக்கு மகன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். நடுவில் இருக்கும் நேரத்தில் முகம் கழுவ வேண்டும், மாடியில் காயும் துணியை எடுக்க வேண்டும், சோறும் கறியும் ஆக்க வேண்டும். கறி என்றாலே ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் எங்கள் வீட்டில் வெகுநாள் இருந்தது. தயிரில் ஊறப்போட ஒரு மணி நேரம், வேக ஒரு மணி நேரம், கடைசியில் மேலே ஒரு கரண்டி நெய்.

அப்புறம் மகனுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. பால் குடித்தால் வயிறு உப்பும், மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு. டாக்டர் பாலையும் பாலில் செய்ததையும் நிறுத்தச் சொன்னார். தயிரும் நெய்யும் இல்லாமல் கறி எப்படி ருசிக்கும் என்று உம்மாவிடம் புலம்பினேன். உம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "தேங்காய் காய்க்கிற ஊருல இருந்துக்கிட்டு தயிருக்கு அழுவுறியா?" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னது. ஆனால் அதில் பாதி சமையல் இருந்தது. மீதிப் பாதியை நான் சட்டியைக் கருக்கிக் கருக்கிக் கற்றுக்கொண்டேன்.

இங்கே சொல்வது தேங்காய்ப்பால் ஊற்றி, உருளைக்கிழங்கு போட்டு, கெட்டியாக இறக்கும் கைமா. கொத்துக்கறி என்பவர்களும் உண்டு. எங்கள் பக்கம் குழம்பை ஆணம் என்போம். இது ஆணத்துக்கும் வறுவலுக்கும் நடுவில் நிற்கும். நாலு பேருக்கு நாற்பத்தைந்து நிமிடம்.

பாலை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன

தயிரும் நெய்யும் கறியில் என்ன வேலை செய்கின்றன என்று பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். தயிர் புளிப்பைத் தருகிறது, கறியைக் கொஞ்சம் இளக்குகிறது. நெய் வாசனையைத் தருகிறது. முந்திரியோடு பாலாடையோ கிரீமோ சேர்ப்பது குழம்பு கெட்டியாக வருவதற்கு.

புளிப்புக்குத் தக்காளியும் கடைசியில் பிழியும் எலுமிச்சையும் போதும். இளக்கும் வேலையை மெஷினே செய்துவிட்டது. அரைத்த கறியைத் தயிரில் ஊறப்போடுவதில் பெரிய லாபம் கிடையாது. வாசனைக்குத் தேங்காய் எண்ணெயில் பொரிந்த கறிவேப்பிலையும் சோம்பும். கெட்டிக்கு முதல் தேங்காய்ப்பாலும் உருளைக்கிழங்கின் மாவுச்சத்தும். வெளியூரிலிருந்து தேடி வாங்க வேண்டிய பொருள் ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பால் ஒத்துக்கொள்ளாதது ஒன்று, பால் அலர்ஜி வேறு. முதலாவதில் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க உடம்பில் நொதி போதவில்லை. வயிறு உப்பும், வயிற்றால் போகும். இப்படிப்பட்ட பலருக்கு நெய் ஒன்றும் செய்யாது, தயிர்கூடக் கொஞ்சம் தாங்கும். அலர்ஜி என்பது பாலில் உள்ள புரதத்தை உடம்பே எதிரியாக நினைப்பது. அவர்களுக்கு நெய்யில் ஒட்டியிருக்கும் துளிப் புரதமும் ஆபத்தாகலாம். அதோடு, பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் சிலருக்கு மாட்டுக்கறியும் ஒத்துக்கொள்வதில்லை, இரண்டிலும் பொதுவான ஒரு புரதம் இருப்பதால். உங்கள் வீட்டில் இருப்பது அலர்ஜி என்றால், டாக்டரைக் கேட்டுவிட்டு இந்தக் கைமாவுக்கு வாருங்கள். இல்லாவிட்டால் இதே முறையில் ஆட்டுக்கறியோ கோழியோ வைத்துச் செய்யலாம்.

கறிக்கடையில்

நல்ல கைமா சட்டியில் உருவாவதில்லை, கடையில் உருவாகிறது. முதல் விதி: ஏற்கெனவே அரைத்து வைத்ததை வாங்காதீர்கள். ஒரு தடவை அவசரத்தில், காலையில் அரைத்துத் தட்டில் குவித்து வைத்திருந்ததைச் சாயங்காலம் வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்ததும் வந்த வாடையில் அப்படியே கட்டிக் குப்பையில் போட்டேன். முழுத் துண்டாக இருக்கும்போது கிருமி கறியின் மேல்புறத்தில்தான் இருக்கும். சட்டியின் சூட்டில் அது செத்துவிடும். அரைத்தவுடன் மேலே இருந்தது உள்ளே போய் எல்லா இடத்திலும் கலந்துவிடுகிறது. அதனால்தான் துண்டுக்கறியைவிடக் கைமா சீக்கிரம் கெடும், கைமாவை அரைவேக்காட்டில் சாப்பிடவும் கூடாது.

எனவே துண்டைக் காட்டிக் கேளுங்கள். தொடைக்கறியும் சப்பையும் கலந்து வாங்கினால் சரியாக இருக்கும். தொடை மட்டும் என்றால் வறண்டுபோகும், நெஞ்சுக்கறி மட்டும் என்றால் கொழுப்பு அதிகம். கண்ணால் பார்த்து ஏழில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தால் எனக்குப் போதும். வெள்ளை ஜவ்வையும் நரம்பையும் எடுக்கச் சொல்லுங்கள், மெஷினில் அது அறுபடாமல் நூல் நூலாக வரும். "நானா, ஜவ்வு எடுத்துட்டு ரெண்டு தடவை போட்டுக் குடுங்க" என்பது கடைக்காரரிடம் என் வழக்கமான வரி; நானா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். நானா முகம் சுளிப்பார், ஆனாலும் போட்டுத் தருவார்.

ஏன் இரண்டு தடவை? நம் ஊரில் கிடைப்பது இளங்கறி அல்ல. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்க முடியும். வயதான மாட்டின் கறியில் நார் கெட்டி. வெளிநாட்டுச் சமையல் வீடியோவில் பத்து நிமிடத்தில் வெந்துவிடும் கைமா நம் சட்டியில் ரப்பராக நிற்பதற்கு அதுதான் காரணம். உங்கள் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சில கடைகளில் எருமைக்கறியும் மாட்டுக்கறி என்றே போகும். கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருந்தால் எருமையாக இருக்கலாம், மாட்டுக்கொழுப்பு லேசான மஞ்சள். எருமைக்கறியில் கொழுப்பு குறைவு, அதற்கு எண்ணெய் ஒரு கரண்டி கூட வேண்டும். மற்றபடி சமையல் ஒன்றுதான்.

கழுவுகிற விஷயம். கறியைக் கழுவாமல் சமைக்கச் சொன்னால் எங்கள் தெருவில் என்னை வீட்டுக்குள் விட மாட்டார்கள். கழுவும்போது கிருமி தொட்டியெல்லாம் தெறிக்கிறது, வேகும் சூட்டில் எப்படியும் சாகத்தான் போகிறது, ஆகவே கழுவ வேண்டாம் என்பது உணவுப் பாதுகாப்பு சொல்பவர்களின் கட்சி. நான் நடுவில் நிற்கிறேன்: துண்டாக இருக்கும்போதே கடையில் கழுவச் சொல்லி, தண்ணீரை நன்றாக வடியவிட்டு அரைக்கச் சொல்வேன். அரைத்த பிறகு கழுவவே கூடாது. சாறு ஓடிவிடும், பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், அப்புறம் அதைச் சட்டியில் வற்றவைக்கவே கால் மணி நேரம் போகும்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்களா, கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்று வருடா வருடம் வாய் பார்க்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் வேண்டாம் என்கிறேன். என்ன செய்வது, கைமாவுக்கு மட்டும் தண்ணீர்தான் விரோதி. இந்தச் சமையல் முழுக்க அந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

ஞாயிறு காலை ஒன்றரைக் கிலோ வாங்கி வந்தால் மூன்று பங்காக்கி விடுகிறேன். அரைக் கிலோ ஒரு பிளாஸ்டிக் கவரில், விரல் கனத்துக்கு மேல் போகாமல் சப்பாத்தி போலத் தட்டி, காற்றை வெளியே தள்ளிக் கட்டி, ஃப்ரீசரில் படுக்கவைப்பேன். உருண்டையாகக் கட்டி வைத்தால் உள்ளே உருகப் பாதி நாள் ஆகும்; தட்டையாக வைத்தது காலையில் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் சாயங்காலம் தயார். மறந்துவிட்டால் கவரோடு தண்ணீரில் போட்டால் அரை மணியில் இளகிவிடும். ஃப்ரீசரில் மூன்று மாதம் நன்றாக இருக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பச்சைக் கைமா ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்.

எடுத்து வைக்க வேண்டியவை

கைமா அரைக் கிலோ. சின்ன வெங்காயம் இருநூறு கிராம். உரிக்க நேரமில்லாத நாளில் பெரிய வெங்காயம் இரண்டு, ருசி ஒரு படி குறையும், பரவாயில்லை. தக்காளி நடுத்தரமாக இரண்டு. உருளைக்கிழங்கு இரண்டு. பச்சை மிளகாய் மூன்று. இஞ்சி பூண்டு விழுது இரண்டு தேக்கரண்டி. கறிவேப்பிலை இரண்டு ஆர்க்கு, மல்லித்தழை ஒரு கைப்பிடி. அரை மூடித் தேங்காய். எலுமிச்சம்பழம் பாதி.

மசாலாவுக்கு: சோம்பு ஒரு தேக்கரண்டி, பட்டை விரல் நீளத்தில் ஒன்று, கிராம்பு மூன்று, ஏலக்காய் இரண்டு. மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் இரண்டு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரை, மிளகுத்தூள் ஒன்று. தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. அது பிடிக்காதவர்கள் நல்லெண்ணெய் ஊற்றலாம், கடலை எண்ணெயும் சரிதான். உப்பு ஒன்றேகால் தேக்கரண்டியில் தொடங்குங்கள். சமையல் சோடா கால் தேக்கரண்டி. இது கட்டாயமில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பாக்கெட்டில் வாங்கும் எதையும் திருப்பிப் படியுங்கள். பால் கலந்திருந்தால் அதை உறையில் அச்சிட வேண்டும் என்பது இந்தியாவில் விதி. நான் மாட்டிக்கொண்டது எங்கே தெரியுமா? தேங்காய்ப்பால் பவுடரில். பெயரிலேயே பால் இருக்கிறது, ஆனால் தேங்காயின் பால்தானே என்று வாங்கிவிட்டேன். பின்னால் பொடி எழுத்தில் 'சோடியம் கேசினேட்' என்று இருந்தது. கேசினேட் என்பது மாட்டுப்பாலில் உள்ள புரதம். எல்லாப் பவுடரிலும் இருக்காது, ஆனால் பலவற்றில் உண்டு. லாக்டோஸ் மட்டும் பிரச்சினை என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அலர்ஜிக்காரர்கள் கிட்டவே போகக் கூடாது.

தேங்காய்ப்பால்

பவுடரை விட்டுவிட்டுத் தேங்காய்க்கே வந்துவிட்டேன். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய் இல்லாத வீடு கிடையாது என்ற நிலைமைதான் ஒரு காலத்தில். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய அன்று அந்தத் தோப்புகள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தேங்காயை வீணாக்க மனசு வராது. எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில் புயலுக்கு அடுத்த வாரம் நட்ட கன்றுகள் இப்போது காய்க்கின்றன. அங்கிருந்து வரும்போதெல்லாம் ஒரு சாக்கு வந்துவிடுகிறது.

அரை மூடியைத் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்ஸியில் ஒரு நிமிடம் ஓட்டிப் பிழியுங்கள். பச்சைத்தண்ணீரைவிட வெந்நீர் பதத்தில் எண்ணெய்ப்பசை நன்றாக இறங்கும். வருவது முதல் பால். அதே சக்கையில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மறுபடி ஓட்டிப் பிழிந்தால் இரண்டாம் பால். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். இரண்டாம் பால் வேகவைக்க, முதல் பால் இறக்கும்போது. கலந்து ஊற்றினால் முதல் பாலும் கொதித்துத் திரிந்து, எண்ணெய் தனி தண்ணீர் தனி என்று நிற்கும். சாப்பிடலாம்தான், ஆனால் அந்த வழவழப்பு போய்விடும்.

துருவ நேரமில்லையா? ஞாயிற்றுக்கிழமையே துருவி ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். வெந்நீர் ஊற்றினால் உடனே இளகிவிடும்.

அடுப்பில்

*முதல் பத்து நிமிடம்.* கைமாவில் சோடாவை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துத் தெளித்து, விரலால் லேசாகக் கலந்து மூடி வையுங்கள். சோடா கறியின் புளிப்புத்தன்மையைக் குறைக்கிறது. அப்போது நார் இறுக்கமாகச் சுருங்காமல் தன் சாற்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், நிறமும் சீக்கிரம் ஏறும். கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் சோப்புக் கரைசல் மாதிரி ஒரு ருசி வரும், கவனம். கறி இளசாகக் கிடைத்த நாளில் நான் சோடா போடுவதில்லை. உப்பை இப்போது சேர்க்காதீர்கள். உப்புப் போட்டுப் பிசைந்த கைமா ஒட்டிக்கொண்டு கட்டியாகும். கோளா உருண்டைக்கு அது வேண்டும், இதற்கு வேண்டாம்.

அரிசியைக் கழுவி குக்கரில் ஏற்றிவிடுங்கள். தேங்காய்ப்பால் எடுங்கள். வெங்காயத்தைப் பொடியாகவும் தக்காளியை அதைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் நறுக்குங்கள். உருளைக்கிழங்கு சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டுகளாக இருக்கட்டும். பெரிதாக நறுக்கினால் கறி வெந்து காத்திருக்கும், கிழங்கு வேகாது.

*கறியை வறட்டுவது.* இதுதான் உயிர். அகலமான இரும்புச்சட்டி இருந்தால் அதை எடுங்கள். குழிந்த சின்னப் பாத்திரத்தில் கைமா ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தன் ஆவியிலேயே அவிந்துபோகும். சட்டியைப் பெரிய தீயில், புகை லேசாகத் தெரியும்வரை காயவிட்டு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, கைமாவில் பாதியை மட்டும் போட்டுக் கரண்டியின் முதுகால் அழுத்திப் பரப்புங்கள். பரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மூன்று நிமிடம் கிளறக் கூடாது. எனக்கு இது வரவே ஒரு வருடம் ஆனது. நம் கை கரண்டியைப் பிடித்தால் சும்மா இருக்காது.

காரணம் எளிது. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை கறியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வறுத்த கறிக்குரிய அந்த நிறமும் மணமும் 140 டிகிரிக்குப் பக்கத்தில்தான் வரும். ஆகவே முதலில் தண்ணீர் போக வேண்டும். எப்போது போனது என்பதைக் காதே சொல்லிவிடும்: முதலில் தளதளவென்று கொதிக்கிற சத்தம், தண்ணீர் வற்றியதும் சடசடவென்று பொரிகிற சத்தம். சத்தம் மாறிய பிறகு இன்னும் ஒரு நிமிடம் விட்டு, தோசையைத் திருப்புவதுபோல் திருப்பிவிடுங்கள். அடிப்பக்கம் கருங்காப்பி நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். அப்புறம் பருப்பு மத்தால் நசுக்கி உடையுங்கள். கரண்டியைவிட மத்தில் சீக்கிரம் உதிரும். தட்டில் எடுத்து வைத்துவிட்டு மறுபாதியையும் இதேபோல் செய்யுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே தடவை கொட்டினால் என்ன ஆகும் என்கிறீர்களா? சாம்பல் நிறத்தில், தன் தண்ணீரிலேயே நீந்திக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி ஒன்று வரும். எத்தனை மசாலா போட்டாலும் அதை மீட்க முடியாது.

சட்டியில் நிறையக் கொழுப்பு உருகி நின்றால் இரண்டு கரண்டி வைத்துக்கொண்டு மீதியை ஒரு பழைய டப்பாவில் ஊற்றுங்கள். தொட்டியில் ஊற்ற வேண்டாம். ஆறியதும் மெழுகு மாதிரி உறைந்து குழாயை அடைத்துவிடும்.

*மசாலா.* அதே சட்டியைக் கழுவாதீர்கள். தீயை நடுத்தரமாக்கி, மீதி எண்ணெயை ஊற்றி, பட்டை, கிராம்பு, ஏலக்காய், சோம்பு. சோம்பு பொரிந்ததும் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வெங்காயம். வெங்காயத்திலிருந்து வரும் ஈரத்தில் அடியில் ஒட்டியிருக்கும் கறுப்பெல்லாம் கரண்டிக்கு வந்துவிடும். ருசி முழுக்க அதில் இருக்கிறது, நன்றாகச் சுரண்டிக் கிளறுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் வெங்காயம் பொன்னிறம். இஞ்சி பூண்டு விழுது போட்டுப் பச்சை வாடை போகும்வரை வதக்குங்கள். தீயைச் சிறிதாக்கிவிட்டு மிளகுத்தூள் தவிர மற்றத் தூள்களைப் போட்டு அரை நிமிடம். பெரிய தீயில் மிளகாய்த்தூள் கருகினால் இருமல்தான் மிச்சம். உடனே தக்காளியும் உப்பும். தக்காளி குழைந்து எண்ணெய் ஓரத்தில் கசியும்வரை, நாலு நிமிடம் போல.

*வேகவிடுவது.* வறட்டிய கைமாவையும் உருளைக்கிழங்கையும் போட்டுப் புரட்டி, இரண்டாம் பாலை ஊற்றி, கொதி வந்ததும் மூடிச் சிறு தீயில் பதினைந்து நிமிடம். நடுவில் ஒரு தடவை அடியைக் கிளறிவிட்டால் போதும். கிழங்கில் கத்தி இறங்க வேண்டும். கறியை வாயில் போட்டுப் பாருங்கள்: பல்லுக்கு மண் மாதிரி நறநறவென்று இருந்தால் இன்னும் வேக வேண்டும், மெல்லாமலே உதிர்ந்தால் போதும்.

கறி முற்றல் என்று அரைக்கும்போதே நானா சொல்லியிருந்தால், கிழங்கைத் தனியாக நிறுத்திவைத்து, மசாலாவும் கைமாவும் மட்டும் அரை டம்ளர் தண்ணீரோடு குக்கரில் மூன்று விசில் விடுங்கள். தேங்காய்ப்பாலைக் குக்கரில் ஊற்ற வேண்டாம், திரிந்துவிடும். ஆவி அடங்கியதும் திறந்து, கிழங்கும் இரண்டாம் பாலும் சேர்த்து வேகவைத்துச் சுண்டவையுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கைமா உள்வரை 71 டிகிரி சூடு காண வேண்டும் என்பது பாதுகாப்புக் கணக்கு. இப்படிக் கொதித்து வேகும் கைமாவில் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். கட்லெட், பர்கர் என்று கனமாகத் தட்டிப் பொரிப்பவர்கள்தான் நடுவரை அந்தச் சூடு ஏறியதா என்று பார்க்க வேண்டும்.

*இறக்குவது.* தண்ணீர் சுண்டி, கரண்டியால் கோடு போட்டால் சட்டியின் அடி ஒரு கணம் தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் தீயை மிகச் சிறியதாக்கி முதல் பாலை ஊற்றி, கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்ததும் அணைத்துவிடுங்கள், தளதளக்க விடக்கூடாது. மிளகுத்தூள் கொஞ்சம், மல்லித்தழை. எலுமிச்சை அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் ஆன பிறகுதான். கொதிக்கிற பாலில் புளிப்பு விழுந்தால் அதுவும் திரிந்துவிடும்.

முருங்கைக்கீரை வாசலில் கிடைக்கும் வீடுகளுக்கு ஒரு வழி: உருவிய கீரை இரண்டு கைப்பிடியை முதல் பாலுக்கு மூன்று நிமிடம் முன்னால் போடுங்கள். பிள்ளைகளுக்குக் கீரை போன இடம் தெரியாது. எங்கள் வீட்டில் தெரிந்துவிட்டது, அது வேறு கதை.

எதோடு சாப்பிடுவது

பொன்னி அரிசிச் சோறு எப்போதும் சரி. மாவு இருந்தால் தோசை. கல்லில் நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். இடியப்பத்துக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது, ஆனால் வேலை நாளில் பிழிந்துகொண்டிருக்க முடியாது. பக்கத்தில் விற்பவர் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கடைப் பரோட்டாவை மட்டும் நம்பாதீர்கள். பல கடைகளில் மாவு பிசையும்போது பாலோ தயிரோ சேர்ப்பது உண்டு, சிலர் மேலே வெண்ணெயும் தடவுவார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டால் சிலர், "பாலெல்லாம் இல்ல, கொஞ்சமா மில்க்மெய்ட் மட்டும்தான்" என்பார்கள்.

தயிர்ப் பச்சடிக்குப் பதில் வெங்காயத்தை மெல்லிசாகச் சீவி உப்பில் பிசறி, ஐந்து நிமிடம் கழித்துப் பிழிந்து, எலுமிச்சையும் பச்சை மிளகாயும் சேர்த்து வையுங்கள்.

உண்மையான பிரச்சினை கடைசியில் வரும். தஞ்சாவூர்ப் பக்கம் மோர்ச்சோறு இல்லாமல் சாப்பாடு முடிந்தது என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் உட்பட. மகன் முன்னால் மோரை வைத்துக்கொண்டு அவனுக்கு இல்லை என்பதும் நன்றாக இருக்காது. இந்த இடத்துக்கு மிளகு ரசம் வந்துவிட்டது. நெல்லிக்காய் அளவு புளி, மிளகு, சீரகம், நாலு பல் பூண்டு தட்டிப்போட்டு, நுரை கட்டியதும் இறக்கி, நெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் கடுகு தாளித்தது. கைமா சட்டியில் வேகும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் ரசம் பக்கத்து அடுப்பில் முடிந்துவிடும். கறிக்கொழுப்பு நாக்கில் ஒட்டியிருப்பதை வழித்துவிடவும் அதுதான் நல்லது. உம்மா மட்டும் இன்னும் தனியாக ஒரு டம்ளர் மோர் குடித்துக்கொள்கிறார்கள், அடுக்களைக்குள் நின்று.

மிஞ்சினால்

மாட்டுக்கொழுப்பு ஆறினால் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும். எனவே சூடாகச் சாப்பிடுங்கள், மிஞ்சியதைச் சீக்கிரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சமைத்த கறி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம். தேங்காய்ப்பால் சேர்ந்தது இன்னும் சீக்கிரம் புளிக்கும். இரவு அடுப்பு மேடையில் மூடி வைத்துவிட்டுக் காலையில் சுடவைத்துக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கம் இதற்கு ஆகாது. பெரிய சட்டியோடு வைக்காமல் அகலமான டப்பாவில் பரப்பி வைத்தால் சீக்கிரம் குளிரும். மூன்று நாள் தாங்கும்.

மறுநாள் சூடாக்கும்போது இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து, ஆவி பறக்கும்வரை கிளறுங்கள். முதல் பால் கொஞ்சம் திரியத்தான் செய்யும். அதனால் மறுநாள் நான் அதைக் குழம்பாகவே வைத்துக்கொள்வதில்லை. சட்டியில் நன்றாகச் சுண்டவிட்டு, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் மகனின் டிபன் டப்பாவுக்கு ஆச்சு. அல்லது தோசையை ஊற்றி, நடுவில் ஒரு கரண்டி பரப்பி, மடித்துச் சுட்டால் காலைப் பசியாற. நோன்பு மாதத்தில் சமோசாவுக்குள் வைப்பதும் இதுவேதான். அதற்குக் கிழங்கை மசித்துவிட்டு, ஈரமே இல்லாமல் வறட்ட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் வாய் பிளந்துவிடும்.